கல்லறைத் தோட்டத்தில் பனி விழாத வருஷம்

"ஏம்ப்பா, ராத்திரி ஆனா இந்தக் குளிரு எங்க போய்ப் படுக்கும்?"

ஜோமோள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. சின்னக்கானலுக்கு மேலே, தேயிலை எஸ்டேட் லயத்தில், அடுப்பை ஒட்டி உட்கார்ந்து கேட்டாள். அவள் அப்பா ஏசுரத்தினம் சிரித்தார். அடுப்பில் ஊதிக்கொண்டிருந்த அவள் அம்மா அன்னாள்தான் புகைக்குக் கண்ணைச் சுருக்கியபடியே சொன்னாள்: "கல்லறைத் தோட்டத்துல. காலைல போய்ப் பாரு, வெள்ளைப் போர்வை கிடக்கும்."

அவள் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. மார்கழி பாதி போனதும் அந்த மலையில் உறைபனி விழும். ஆனால் எல்லா இடத்திலும் விழாது. மேலே உச்சியில் கிராண்டிஸ் மரக்காட்டில் ஒன்றும் இருக்காது. நடுச்சரிவில் புல் நனைந்து மட்டும் கிடக்கும். அதற்கும் கீழே, கோயிலுக்குப் பின்னால் ஓடையை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில்தான் சிலுவைகளின் தோள் வரை வெள்ளையாகப் படிந்திருக்கும். மேலே போகப் போகக் குளிர் கூடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அந்த மலை வேறு கணக்கு வைத்திருந்தது. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அதை யோசித்ததும் இல்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. ஜோமோள் நர்ஸாகி அயர்லாந்துக்குப் போனாள். அன்னாள் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. எஸ்டேட்டில் கணக்கு முடித்து வெளியே வந்த ஏசுரத்தினம் இப்போது கோயில்குட்டியார். மணி அடிப்பது, விளக்குப் போடுவது, கோயிலைக் கூட்டுவது, கல்லறைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை.

மதில் வேண்டும் என்று சபைக் கூட்டத்தில் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்ததும் அவர்தான். காட்டுப்பன்றிகள் மேட்டிலிருந்து இறங்கி வந்து புது மண்ணைக் கிளறிவிடும். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் குடும்பத்தார் வருவதற்கு முன்னால் ஓடி ஓடி மண்ணைச் சரிசெய்தே அவருக்கு முதுகு வளைந்தது. கடைசியில் ஐப்பசியில் வேலை முடிந்தது. கல்லறைத் தோட்டத்தின் மேல்விளிம்பு நெடுக, நெஞ்சு உயரத்துக்குக் கல்மதில். இடுக்கு விடாமல் சிமென்ட் பூசியாயிற்று. அதன் பிறகு ஒரு பன்றிகூட இறங்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. புத்தாண்டு பிறந்தது, கல்லறைத் தோட்டத்தில் பனி விழவில்லை.

புத்தாண்டு ஆராதனை முடிந்து சனங்கள் கல்லறைகளில் வைத்துவிட்டுப் போகும் செவ்வந்திப் பூக்கள் வழக்கமாக இரண்டே நாளில் கருகிச் சுருண்டுவிடும். இந்த வருஷம் வைத்தது வைத்தபடி இருந்தன. அன்னாளின் தலைமாட்டில் அவர் நட்டிருந்த ஜெரேனியம் செடி ஒவ்வொரு ஜனவரியிலும் குச்சியாகிவிடும். அது இப்போது சிவப்பாகக் கொத்துக்கொத்தாகப் பூத்து நின்றது. போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். அவள் உடனே கூப்பிட்டாள். அப்பா, அப்பா என்று மட்டும் சொன்னாள்.

"அழுறியாம்மா?"

"இல்லப்பா. இனிமே அம்மாவுக்குக் குளிராது, இல்ல?"

"குளிராது தாயி," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏசுரத்தினம் காணிக்கைக் கவரின் மேல் தன் கையால் எழுதினார்: 'கல்லறைத் தோட்டத்தில் பனி விழாத கிருபைக்காக ஸ்தோத்திரம்.' போதகர் அதைப் பீடத்திலிருந்து வாசித்தார். சபை முழுக்கத் தலையாட்டியது. வாசலில் சபைச் செயலாளர் ரிஜின் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"கல்லு சுமந்தது நாங்க, ஸ்தோத்திரம் மட்டும் ஆண்டவருக்கா?"

"நீ சுமந்தது எத்தனை கல்லுன்னு அவருக்கும் தெரியும்டே. அதான் உன் பேரைச் சேர்க்கல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல காலை அது. நமக்கு ஒரு நன்மை வரும்போது அது எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. ஏசுரத்தினமும் விசாரிக்கவில்லை.

மத்தியானம் மதிலின் மறுபக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மதிலுக்கு மேலே இருந்த சரிவில் ரஸியா ஏலக்காய் நாற்றுப்பண்ணை வைத்திருந்தாள். அவளும் அவள் கணவர் அப்துல் ஷுக்கூரும் பாலக்காட்டுப் புதுநகரத்துக்காரர்கள். அவர் முக்கில் பலசரக்குக் கடை நடத்தினார். அவள் அந்தச் சரிவைக் குத்தகைக்கு எடுத்து, நிழல்வலை கட்டி, பைகளில் மண் நிரப்பி நாற்று வளர்த்தாள். நான்கு வருஷமாக அவள் நாற்றுக்குக் கிராக்கி. ஆனைக்கரையிலிருந்து ஒரு தோட்டக்காரர் இந்த வருஷத்து நாற்று மொத்தத்தையும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

ஏசுரத்தினம் மதிலின் மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். ரஸியா குத்துக்காலிட்டு, கருகின இலைகளைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். கீழ்ப்பாத்திகள் முழுதும் வெந்நீர் ஊற்றியதுபோல் கிடந்தன.

"என்ன தாயி இது?"

"தெரியலீங்கண்ணா. மருந்து கூடிப்போச்சோ என்னமோ. நாந்தான் அடிச்சேன். எத்தனை வருஷமா அடிக்கிற மருந்துதானுங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரும் பனின்னு சொல்றாங்க. நாலு வருஷமா இந்தச் சரிவுல பனியே கண்டதில்லீங்களே. நேத்து ஒருத்தர் சொல்றாரு, கீழ்நாட்டுக்காரிக்கு மலை புடிபடாதாம்."

"எந்தப் பய சொன்னது?"

"யாரு சொன்னா என்னங்க. மேல்பாத்தி மட்டும் மிச்சமிருக்குது. அதுவும் போச்சுன்னா எடத்தைக் குடுத்துப்போட்டு ஊருக்கே போயிரலாம்னு எங்கூட்டுக்காரரு சொல்லிப்போட்டாரு. எனக்கு இதைவிட்டா வேற ஒண்ணும் தெரியாதுங்கண்ணா."

அவர் ஆறுதலாக என்னவோ சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பும்போது பார்வை ஜெரேனியத்தில் விழுந்தது. அந்தச் செடியை அவருக்குக் கொடுத்ததே ரஸியாதான். பணம் நீட்டியபோது, "மண்ணுக்குள்ள இருக்கறவங்களுக்கு வைக்கிற செடிக்குக் காசு வாங்கலாமுங்களா?" என்று கையை மடக்கிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம், வெயில் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கினதும், ரஸியா மேல்பாத்தி ஓரத்தில் சருகைக் குவித்து மூட்டம் போட்டாள். புகை போட்டால் பனி அண்டாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காற்றே இல்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஏசுரத்தினம் கல்லறைத் தோட்டத்தைக் கூட்டி முடித்து மதிலோரம் நின்றார்.

புகை மேலே எழும்பவில்லை. ஒரு முழ உயரம் ஏறிவிட்டுத் தயங்கியது. பிறகு சாய்ந்து, தரையோடு தரையாகச் சரிவில் வழிந்து இறங்கியது. பாத்தி பாத்தியாகத் தாண்டி வந்து மதிலில் முட்டியது. முட்டியதும் நின்றது. பின்னால் வந்த புகை அதன்மேல் ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ்ப்பாத்திகள் முழுகின. புகை அணைக்கட்டுத் தண்ணீர்போல் அசையாமல் கிடந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம், அவர் நின்ற இடத்தில், துளிப் புகை இல்லை.

"ஏனுங்கண்ணா, பாத்தீங்களா கூத்தை? நாத்துக்குப் போட்ட புகை நாத்தை விட்டுப்போட்டு மதிலைக் கட்டிக்கிட்டு நிக்குது." ரஸியா இருமிக்கொண்டே இறங்கி வந்தாள். "எங்கூர்லயா இருந்தா இந்நேரம் காத்து அள்ளிட்டுப் போயிருக்கும். அங்க மலைக்கு நடுவுல கணவாய் இருக்குதுங்களே. ரெண்டு பக்கமும் மலை அடைச்சு நிக்க, அந்த ஒரு வாய் வழியாத்தான் அத்தனை காத்தும் போகோணும், வரோணும். சித்திரைல அனல் அடிக்கும், ஆடில துணி காயப்போட்டா அடுத்த ஊட்டுல போய்த்தான் எடுக்கோணும். காத்துக்கும் ஒரு பாதை இருக்குதுன்னு எங்க அத்தா சொல்லுவாரு. இங்க அது இல்லீங்க."

அவள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். ஏசுரத்தினம் மதிலின் பூச்சைக் கையால் தடவிப் பார்த்தார்.

இங்கேயும் பாதை இருந்தது. ராத்திரியில் மலை விடும் குளிர் இந்தச் சரிவு வழியாகத்தான் வழிந்திருக்கிறது. நாற்றுப்பண்ணையைத் தாண்டி, கல்லறைகளுக்கு நடுவே இறங்கி, ஓடையோடு கீழே போயிருக்கிறது. எத்தனையோ காலமாகப் போய்க்கொண்டிருந்த அதன் வழியில் ஒரு மதிலைக் கட்டியாயிற்று. இடுக்கு விடாமல் பூசியும் ஆயிற்று.

அவர் திரும்பிக் கல்லறைகளைப் பார்த்தார். தினமும் கூட்டுகிற இடத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். மலைக்கு முதன்முதலில் ரோடு போட வந்தவர்கள் காலத்துக் கற்கள் அங்கே முப்பது நாற்பது உண்டு. கிழக்கோரத்தில் இருப்பவற்றில் பேரும் தேதியும் நேற்று வெட்டியதுபோல் இருக்கும். நடுவில் ஒரு பட்டையாக, மதிலிலிருந்து ஓடை வரை, கற்களின் முகமெல்லாம் உரிந்து பேர்கள் தேய்ந்து போயிருந்தன. அந்தப் பட்டையில் மட்டும் கல்லின் மேல் சாம்பல் நிறப் பாசி படர்ந்திருந்தது. புல்லும் வேறு சாதி, குட்டையாக, மெத்தைபோல். சுண்ணாம்பு கொண்டு கோடு கிழித்தாலும் இத்தனை தெளிவாக வராது. குளிர் தன் வழியைக் கல்லில் எழுதி வைத்திருந்தது.

அந்தப் பட்டையின் நடுவில், மதிலுக்கு இரண்டடி தள்ளி, அன்னாள் இருந்தாள்.

அன்று ராத்திரி ஜெபத்துக்கு முழங்கால் போட்டவர் தன்னையே கேட்டுக்கொண்டார். அடுத்த வீட்டுக்காரியின் பாத்தியிலிருந்து எடுத்து எனக்குக் கொடுக்கப்பட்டதற்கா ஸ்தோத்திரம் சொன்னேன்? பீடத்தில் வைத்து வாசிக்கவும் விட்டேனே? கடன் பட்டவனுக்கும் தெரியாமல், கடன் கொடுத்தவளுக்கும் தெரியாமல் ஒரு கடன் ஏறியிருக்கிறது. இப்போது ஒருவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு ஆமென் சொல்லி எழுந்திருப்பது சிரமம்.

காலையில் முதல் வேலையாகப் போதகரிடம் போனார். ரிஜினும் அங்கே இருந்தான்.

"ஐயா, மதிலுக்கு அடியில ஓட்டை விடணும்."

"மழைத்தண்ணிக்கா?"

ஆமாம் என்றால் முடிந்துவிடும். "இல்லைங்கய்யா. குளிருக்கு."

குடித்துக்கொண்டிருந்த தேநீர் ரிஜினுக்குப் புரையேறியது. "குளிருக்கு வாசல் வைக்கப் போறாரா நம்ம கோயில்குட்டியார்? கதவு போடணுமா? தாழ்ப்பாள்?"

"சிரிடே. அந்தப் பொம்பளை நாத்து கருகினது நம்ம மதிலால."

"மதில் கட்டினா பனி விழுமா? இது எந்த வேதத்துல இருக்கு? இதைக் கேட்டா அடுத்த கூட்டத்துல வச்சு, மதிலுக்குப் பணம் தந்த உபயகாரருக்கு எழுதி, அவர் பதில் போட்டு..."

"அதுக்குள்ள மேல்பாத்தியும் போயிரும்."

போதகர் வயதில் சின்னவர். மலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவருக்கு விஷயம் பிடிபடவில்லை. ஆனால் பேசிய முகம் பிடிபட்டது. "மதிலைப் பாத்துக்கிறது உங்க பொறுப்புதானே அண்ணாச்சி? இடிஞ்சு விழாம, பன்னி வராம எதைச் செய்தாலும் செய்யுங்க," என்றார்.

வியாழக்கிழமை ரஸியாவும் கணவரும் அவள் அண்ணன் மகள் ஃபர்ஸானாவின் கல்யாணத்துக்காகப் புதுநகரம் புறப்பட்டார்கள். சனிக்கிழமைதான் திரும்புவார்கள். போகும்போது மதிலருகே வந்து நின்றாள்.

"இந்த ரெண்டு ராத்திரியும் பனி கடுமையா இருக்குமுன்னு சொல்றாங்கண்ணா. போகாமயும் இருக்க முடியல. ஒரு கண்ணு வச்சுக்குங்க."

"கண்ணு வச்சா பனி நிக்குமா? நீ போய் வயிறாரப் பிரியாணி தின்னுட்டு வா."

"கொண்டாந்து தர்றேனுங்க. ஆட்டுக்கறி," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், அது பாதியில் நின்றுவிட்டது.

அவர்கள் ஜீப் வளைவு திரும்பியதும் ஏசுரத்தினம் கடப்பாரையும் உளியும் எடுத்தார். நேரே கிழக்கோரத்துக்குப் போனார். ஏன் அங்கே போனார் என்று கேட்டால், அங்கே கல் லேசாக இருக்கும் என்று சொல்லியிருப்பார். கல்லில் பேர் இருந்தாலும், அங்கே கிடப்பவர்கள் யாரென்று இப்போது யாருக்கும் தெரியாது. பூ வைக்க யாரும் வருவதில்லை. மூன்று ஓட்டைகள் திறந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்டுக்குட்டி நுழையலாம். கோயிலின் பழைய ஜன்னலிலிருந்து கழற்றி வைத்திருந்த கம்பிகளைப் பன்றி நுழையாதபடி குறுக்கே நட்டார். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன.

சாயங்காலம் மேட்டில் ஏறிச் சருகு கொளுத்தினார். புகை இறங்கியது. மதிலை முட்டியது. கிழக்கே ஓட்டைகள் இருக்கும் பக்கம் ஒரு இழை நெளிந்து போனது. மற்றதெல்லாம் நடுவில், பழைய இடத்திலேயே தேங்கி நின்றது. பள்ளம் அங்கேதான். எங்கே திறந்தால் நமக்கு வலிக்காதோ அங்கே திறந்துவிட்டு, வா என்றால் வந்துவிடுமா?

அன்று ராத்திரி அவர் சரியாகத் தூங்கவில்லை. விடிந்ததும் பாத்திகளைப் போய்ப் பார்த்தார். பனி கீழ்ப்பாத்திகளைத் தாண்டி மேல்பாத்தியின் முதல் வரிசை வரை ஏறியிருந்தது. மூன்று வரிசைதான் மிச்சம். இன்னும் ஒரு ராத்திரி.

வெள்ளிக்கிழமை காலை அன்னாளின் கல்லறையருகே வந்து உட்கார்ந்தார். ஜெரேனியத்தில் பதினோரு கொத்துப் பூ இருந்தது. அவர் எண்ணவில்லை, ஆனால் தெரியும். ஒரு தடவை எஸ்டேட்டில் கம்பளி கொடுத்தபோது அன்னாள் தன் பங்கைப் பக்கத்து லயத்துப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்போ உனக்கு என்ன இருக்கு என்று இவர் கத்தியபோது, "ஒரு கம்பளிக்குள்ள ரெண்டு பேரு படுத்தா ஆகாதாக்கும்?" என்றாள். அந்த மாதிரி மனுஷியிடம் அனுமதி கேட்பதுகூட ஒரு சாக்குத்தான் என்று அவருக்குப் பட்டது. எழுந்து, அவளுக்கு எதிரே இருந்த மதிலில் கடப்பாரையை ஊன்றினார்.

கல் இறுகியிருந்தது. ஒரு ஓட்டைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மத்தியானத்துக்குள் நான்கு, சாயங்காலத்துக்குள் ஏழு. கடைசிக் கம்பியைச் சிமென்ட் வைத்து நிறுத்திவிட்டு, மேட்டில் ஏறிச் சருகு கொளுத்தினார்.

புகை இறங்கி வந்தது. மதிலருகே கொஞ்சம் தயங்கியது. பிறகு ஏழு ஓட்டை வழியாகவும் ஏழு கயிறாக நழுவி, அன்னாளின் கல்லைச் சுற்றி ஒன்றாகி, தேய்ந்த கற்களுக்கு நடுவே ஓடையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. கீழ்ப்பாத்திகள் தெளிந்தன.

ஒரு சாக்கைக் கொண்டுவந்து ஜெரேனியத்தின் மேல் போர்த்தினார். சாக்கு அகலம், அதன் ஓரம் சரிந்து இரண்டு ஓட்டைகளை மறைத்தது. மடித்துப் பார்த்தார். மடித்தாலும் மறைத்தது. சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மகள் போனில் கூப்பிட்டாள். சாப்பாடு, மருந்து, அவள் டூட்டி என்று பேசினார்கள். "அம்மா செடி எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு நல்லா இருக்கும்மா," என்றார். மற்றதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை, வெளிச்சம் வருகிற நேரத்துக்கு அவர் நாற்றுப்பண்ணையில் நின்றார். மேல்பாத்தியில் மிச்சமிருந்த மூன்று வரிசையும் பச்சையாக நின்றது. குனிந்து ஓர் இலையின் நுனியைத் தொட்டார். விரல் நனைந்தது, இலை வளைந்தது, ஒடியவில்லை. வரிசை வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனார். கீழே, கருகின பாத்திகளில்கூடச் சில தண்டுகளின் அடியில் மொக்குப்போல் புதுக் குருத்து முட்டிக்கொண்டிருந்தது. நிழல்வலையின் ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்ததைக் கட்டினார். தான் கொளுத்திய சருகின் சாம்பலைக் காலால் தள்ளி மண்ணோடு சேர்த்துவிட்டு, படலைச் சாத்திக்கொண்டு இறங்கினார்.

கல்லறைத் தோட்டம் வெள்ளையாகக் கிடந்தது. ஜெரேனியம் கறுத்துத் தொங்கியது. அவர் கருகின கொத்துகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார். அன்னாளின் கல்லில் படிந்திருந்த பனியைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்தார். கல்லின் குளிர் முழங்கை வரை ஏறியது.

அன்று காலைக் கோயில் மணி பத்து நிமிஷம் தாமதமாக அடித்தது. யாரும் காரணம் கேட்கவில்லை.